என் கணக்கில் அவள் நடந்த தூரம்

ஆங்கில வருடப் பிறப்பன்று என் மச்சான் சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். புனேயில் விஷ்ராந்த்வாடியில் இருக்கிறான். அவர்கள் அப்பா வேலூர்ப் பக்கமிருந்து கட்கிக்கு ராணுவத் தளவாட ஆலை வேலைக்கு வந்தவர். ஒரே வேலை, ஒரே குவார்ட்டர்ஸ், பிறகு பென்ஷன் என்று வாழ்ந்த குடும்பம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவன். சோலாப்பூரில் தாபாவில் பாத்திரம் கழுவினேன். சூரத்தில் சாயப் பட்டறை, பிவண்டியில் கோடவுன், நடுவில் பெயர்கூட நினைவில்லாத இரண்டு மூன்று ஊர்கள். பட்டினி கிடந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். அதையெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அப்படி நிறையப் பேர் படுத்திருந்தார்கள். இப்போது பிம்ப்ரியில் ஒரு பட்டறைக்கு டெம்போ ஓட்டுகிறேன். சாங்வியில் வாடகை வீடு.

அன்றைக்கு அவன் வீட்டில் சாப்பாடு. எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதால் காலையில் கொஞ்சம் ஓட ஆரம்பித்திருந்தேன். என் மகள் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டாள். மச்சான் பிரியாணியைப் பிசைந்தபடியே சொன்னான்:

"ஓடறது நம்ம மாப்ளைக்கு இன்னா புதுசா? எந்த வேலைல சேந்தாலும் வருஷம் முடியறதுக்குள்ள ஓடிடுவாரே!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"இந்த வருசம் முடியறதுக்குள்ள ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிக் காட்டுறேன்" என்றேன்.

"டெம்போலயா?"

"கால்ல."

"பாக்கலாம் மாப்ள. ஒரே ஒரு வருஷம், ஒரே ஒரு விஷயம், முழுசா முடிச்சிட்டு வா. நானே வந்து மாலை போடறேன்."

பிழைப்புக்காகப் பத்து ஊர் மாறினவனைப் பார்த்து எதையும் முடிக்காதவன் என்று சொல்ல, ஒரே ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் நான் எதையும் முழுசாக முடித்ததில்லை என்பதும் உண்மைதான். பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. ஒரு முதலாளியிடமும் தீபாவளிக்குத் தீபாவளி இருந்ததில்லை. இந்த ஒன்றையாவது என் காலால் முடித்துவிட வேண்டும். அந்த வருடம் எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

மறுநாள் விடிவதற்குள் என் மனைவி எழுந்து, குளித்து, மஞ்சள் தடவிய நூலை என் வலது மணிக்கட்டில் கட்டினாள். கட்கி அம்மன் கோயிலில் பால்குடம் எடுக்கிறவர்களுக்குக் கட்டுவார்களே, அதே காப்பு. நல்லதுக்குத்தான் கட்டுகிறாள் என்று கையை நீட்டினேன். அதற்கு அவள் வைத்திருந்த அர்த்தத்தை நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

மகள் தன் பழைய போனில் தூரம் அளக்கிற ஆப்பைப் போட்டு, இடுப்பில் கட்ட ஒரு பையும் கொடுத்தாள். அவள் பிறந்தது வளர்ந்தது புனேயில். தமிழ் அவள் வாயில் தடுக்கித் தடுக்கித்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை போனைப் பார்த்து, "அப்பா, இந்த ஹஃப்தா மஸ்த் ஓடிருக்கீங்க!" என்பாள், அந்த வாரம் பிரமாதமாக ஓடியிருக்கிறேனாம். மனைவி தினமும் எனக்கு முன்னால் எழுந்து கடுங்காப்பி போட்டுவிடுவாள். வியர்வையில் ஊறிய பனியனை அன்றன்றே துவைத்துப் போடுவாள். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறை எல்லாம் தெருவில்தான் இருந்தது. நடைபாதை என்று ஒன்று சில இடங்களில் இருக்கிறது, அதன் மேல் ஸ்கூட்டர் நிற்கும், இல்லையென்றால் யாராவது வீடு கட்ட ஜல்லி கொட்டியிருப்பான். ரோட்டில் இறங்கினால் ஸ்கூல் வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இடிக்கிற மாதிரி வருவான். பஸ்ஸுக்கு நிற்கிற பையன்கள், "அண்ணா, பஸ் சூட் கயீ க்யா?" என்று கத்துவார்கள். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுத் துரத்துகிறேனாம். ஔந்த் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக்கு முன்னால் காவலாளி என் கையைப் பிடித்து நிறுத்தினான். யாரிடமிருந்து ஓடுகிறாய், பையில் என்ன என்று விசாரித்தான். எனக்கு முன்னால் பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு ஒருவன் அதே ரோட்டில் ஓடிப்போனான். அவனுக்கு அந்தக் காவலாளி சலாம் வைத்தான். கிழிந்த பனியன் போட்டவன் விடியற்காலையில் ஓடினால் திருடன். இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், எனக்கும் ஆச்சரியமில்லை. கோபம்தான் வந்தது. கோபத்தில் நன்றாக ஓட முடிந்தது. ஆறேழு மாதத்தில் பாதியைத் தாண்டிவிட்டேன்.

ஆடி மாதத்தில் காய்ச்சல் வந்தது. சிக்குன்குன்யா. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். காய்ச்சல் நாலைந்து நாளில் போய்விட்டது, மூட்டு வலி போகவில்லை. கணுக்கால் இரண்டும் வீங்கி, கக்கூசுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு மாதத்துக்கு மேல் படுக்கை. டெம்போவை வேறொருவன் ஓட்டினான். போன் எங்கே கிடக்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. மச்சானுடைய முகம் மட்டும் சுவரில் தெரிந்துகொண்டே இருந்தது. அவன் சொன்னபடியே ஆகிவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

எழுந்து நடமாட முடிந்த முதல் நாள், முக்கில் இருக்கிற டீக்கடை வரைக்கும் மெல்லப் போனேன். கடைக்காரர் மராட்டியர், தினமும் நான் ஓடுவதைப் பார்ப்பவர். டம்ளரை நீட்டிக்கொண்டே, "அண்ணா, ஆப் ஆராம் கரோ. வஹினி ஹை நா!" என்றார். நீங்கள் ஓய்வெடுங்கள், அதுதான் அண்ணி இருக்கிறாரே என்கிறார். எனக்கு விளங்கவில்லை. தினமும் விடியற்காலையில் உங்கள் போனை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறார், உங்கள் பாக்கியை அடைக்கிறாராம், நல்ல பெண்டாட்டி கிடைத்திருக்கிறாள் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"என் போன எடுத்துட்டு நீ நடந்தியா?"

"ஆமா" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒளிக்கவேயில்லை. "நீங்க எழுந்து நல்லா ஆனதும் சொல்லலாம்னு இருந்தேன். ரொம்பப் பின்னால போயிடல. கவலப்படாதீங்க."

"யாருடி உன்ன நடக்கச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? காப்பு கட்டியாச்சு. கட்டினவரு படுத்துட்டா வூட்ல இருக்கறவங்க முடிக்கணும். எங்கம்மாவுக்கு அம்மை போட்டப்ப பால்குடம் நாந்தான் தூக்கினேன். அம்மன் ஏத்துக்கலயா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மச்சானோடு நான் கட்டின பந்தயத்தை அவள் வேண்டுதலாக்கி, வீட்டுக்கே பொதுவாக்கி வைத்திருக்கிறாள்.

"இது சாமி காரியமில்ல. இது என் காலு. நான் ஓடுனாத்தான் கணக்கு."

"சாமிக்கு இல்லன்னா யாருக்கு ஓடறீங்க? எங்கண்ணனுக்கா?"

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டு, அம்மா நடந்ததையெல்லாம் அழி என்று கத்தினேன்.

"அப்பா, பக்கா? டிலீட் பண்ணா வாபஸ் வராது."

"அழி."

மனைவி எழுந்து வந்துவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். "நான் நடந்தத அழிக்க நீ யாரு? செருப்புக் கால்ல நடந்திருக்கேன். மழைல நடந்திருக்கேன். உனக்கு வேணாம்னா எனக்குக் குடு. ஏய், அத என் போனுக்கு மாத்து!"

"அப்டி மாத்த வராதும்மா" என்று மகள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள்: "ரெண்டு நாள் ஒரு ஆத்மி ஸ்கூட்டர்ல அம்மா பின்னாடியே வந்தான். அம்மா சப்பல் எடுத்துக் காட்டுனாங்க. அதுக்கப்புறமும் போனாங்க. நீங்க டிலீட் சொல்றீங்க."

அந்த ஸ்கூட்டர்காரன் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? படுத்துக்கினே இன்னா பண்ணியிருப்ப?"

ஆனாலும் அழிக்கச் சொன்னேன். மகள் ஒவ்வொன்றாக அழித்தாள். இன்றைக்கும் அதைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை. தான் நடந்ததைத் தப்பு என்று அவளும் நினைக்கவில்லை.

மறுநாளிலிருந்து கடுங்காப்பி நின்றது. பனியனை நானே துவைத்துக்கொண்டேன். அவள் நடப்பதை நிறுத்தவில்லை. தன் போனில் அதே ஆப்பைப் போடச் சொல்லி, புது கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள். ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாகக் கடப்போம். பேச்சில்லை. டீக்கடைக்காரர் ஆளுக்கொரு தடவை கையசைப்பார்.

ஒரு மாதத்துக்கு மேல் விழுந்த பள்ளத்தை மூன்று மாதத்தில் தூர்க்க வேண்டும். காலையில் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் ஓடினேன். குளிர் வந்ததும் கணுக்கால் மறுபடி வீங்கியது. வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஓடினேன். வலது கால் தரையில் தேய்ந்தபடி விழும். சத்தத்தைக் கேட்டே நாய்கள் எழுந்துகொள்ளும்.

டிசம்பர் நடுவில் மச்சான் போன் செய்தான். தங்கை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"இன்னா மாப்ள, பைத்தியமா உனக்கு? வூட்ல யாரு நடந்தா இன்னா? ரெண்டாயிரம் ஆச்சுன்னு சொல்லிடு. நான் மாலையோட வர்றேன். எவன் வந்து அளக்கப் போறான்?"

"நீதான கேட்ட?"

"அடச்சே, நான் தமாஷுக்குச் சொன்னேன்ப்பா!"

தமாஷ். ஒரு வருடம் என் கணுக்காலைத் தின்றது அவனுக்குத் தமாஷ். அவன் ஜெயித்துவிட்டுச் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பிச்சை போடுகிற மாதிரி ஜெயத்தைத் தூக்கிப் போடுகிறான். போனை வைத்துவிட்டு, அன்று ஓடவேண்டியதைவிடக் கூடுதலாக ஓடி, மறுநாள் நடக்க முடியாமல் ஒரு நாளை இழந்தேன்.

வருடத்தின் கடைசி நாள் பட்டறையில் லீவு சொன்னேன். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் பாக்கி. வெயில் ஏறுவதற்குள் பாதி, சாயங்காலம் பாதி என்று நினைத்தேன். ஆற்றுப் பாலம் தாண்டித் திரும்பி வரும்போது வலது கணுக்கால் உள்ளே மடங்கியது. இரண்டு தடவை எழுந்து பார்த்தேன். மூன்றாவது தடவை எழ முடியவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர் மிச்சம். அந்தக் காலால் அன்று அது நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எதிர்ப்பக்கமிருந்து அவள் வந்தாள். சேலையை இடுப்பில் செருகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து வந்து, குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாகத் தானாகப் பேசினாள்.

"எவ்ளோ பாக்கி?"

"பன்னெண்டு."

"நீ அழிச்சது அதுக்கு மேலயே இருந்துச்சு."

"தெரியும்."

"இப்பவும் வாயத் தொறந்து கேட்டா, இன்னைக்கு நான் நடக்கறத உனக்குக் குடுக்கறேன். கேப்பியா?"

"மாட்டேன்."

இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப ஆட்டோ புடிச்சு வூட்டுக்குப் போ. நான் இன்னும் முடிக்கல."

பாலத்தைப் பார்த்து நடந்தாள். வேகமாகத்தான் நடக்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் போனை எடுத்து, ஓட்டத்தை நிறுத்துகிற பொத்தானை அழுத்தினேன்.