மாத்திரையை மட்டும் நிறுத்திடாதே

என் அண்ணனுக்கு ஆரியசாலையில் வெல்ல மண்டி. ரொம்ப வருஷமாகச் சர்க்கரை வியாதியும் உண்டு. கடைத்தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். போன வருஷம் யூடியூபில் எவனோ பேசியதைக் கேட்டுவிட்டு அரிசியையே விட்டுவிட்டான். தேங்காய், முட்டை, மீன், அவ்வளவுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கழக்கூட்டத்தில் ஆபீஸ் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. தட்டு வைத்ததுமே சண்டை ஆரம்பித்துவிடும்.

"ஆராய்ச்சி எங்கே? நாலு பேர் இளைச்சதைக் காட்டினா அது ஆதாரமா? பிறகு அவங்க எப்படி இருக்காங்கன்னு எவனாவது போய்ப் பார்த்தானா?" என்பேன்.

"என் சுகர் இறங்கியிருக்கே குட்டி, அது போரே, போதாதா?"

"ஒருத்தன் உடம்பு ஆராய்ச்சி ஆகாதுண்ணா!"

அண்ணி மீன்குழம்போடு நிற்பாள். எங்கள் கண்ணிலேயே படாது. அவ்வளவு ருசி அந்தச் சண்டை.

ஒரு நாள் விட்டுக்கொடுத்தேன். "என்னத்தையோ தின்னு. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதே. பழவங்காடிப் பிள்ளையார் மேல சத்தியம் பண்ணு." தினமும் அங்கே தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கடை திறப்பான். சத்தியம் பண்ணினான். டயட் விஷயத்தை டாக்டரிடம் மூச்சுவிடவில்லை, திட்டுவாராம். நானும் வற்புறுத்தவில்லை. பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒரு மத்தியானம் கடையில் அவனுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. பக்கத்துக் கடைக்காரர் டீ கொண்டுவந்தாராம். "மதுரம் வேண்டா" என்று தள்ளிவிட்டானாம். அப்படியே வெல்ல மூட்டைமேல் சாய்ந்தவனை, தூங்குகிறான் என்று விட்டுவிட்டார்கள். சுற்றி அத்தனை வெல்லம்! சர்க்கரை வியாதிக்காரன் வாயில் யார் அதை வைப்பார்கள்? வெகுநேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள்.

"அரிசியை விட்டதுல சுகர் நல்லாவே இறங்கியிருக்கு. அதுக்கேத்த மாதிரி மாத்திரையைக் குறைச்சிருக்கணும். பழைய அளவே போட்டதால அடியோட இறங்கிடுச்சு," என்றார் டாக்டர். பாவி நான், நிறுத்தாதே என்று சத்தியம் வாங்கினேனே!

பிழைத்துக்கொண்டான். ஆனால் மூளைக்கு அடி. பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. அண்ணி சோறு வைத்தால் சோறு, முட்டை வைத்தால் முட்டை. நான் எதைச் சொன்னாலும் "சரி குட்டி" என்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன ஞாயிறு வேண்டுமென்றே அவன் கட்சியை நான் பேசினேன். அரிசியை விட்டால் சுகர் இறங்கத்தான் செய்யும், டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை வராதா என்று பார்த்தேன். "சரி குட்டி" என்றான்.

"நான் தோத்துட்டேண்ணா. நீதான் ஜெயிச்சே."

முட்டையை உரித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எதுல, குட்டி?"