எதிரே வண்டி வந்தால் மட்டும்

எனக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "காலை ஆட்டாதீங்க தம்பி, வீட்டுக்கு ஆகாது" என்று மதினி சொல்லாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவன் அந்த ஒரு வருஷம் மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் சில நாள் மணிக்கணக்கில் உட்கார்ந்தேன் என்றால், காரணம் ஒரு கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டை வைத்துக்கொண்டு என் அண்ணனுக்கு நான் செய்த காரியத்தை இத்தனை நாளும் வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். கொடைக்கானல் பக்கம் பள்ளங்கியில் அண்ணன், மதினி, நான் என்று மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் லாரி டிரைவர். மேலே கிளாவரை ஊரில் பூண்டும் காரட்டும் ஏற்றிக்கொண்டு பெருமாள்மலை வழியாக மலை இறங்குவார். நான் கொடைக்கானல் டவுனில், மூஞ்சிக்கல் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் டைப் அடிக்கிற வேலை. அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினைந்து வருஷம் மலைப் பாதையில் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காத டிரைவர் என்று அவருக்குப் பெயர்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மேகம் இறங்கி ரோடே தெரியாமல் கிடந்தபோது, வளைவில் திடீரென்று எதிரே ஒரு டூரிஸ்ட் வேன் வந்துவிட்டது. வேனைத் தப்பவிட வேண்டுமென்று அண்ணன் லாரியை மலைப் பக்கமாக ஒடித்து மண்சுவரில் மோதினார். வேனில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. அண்ணனுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். தை பிறந்ததும் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாக் கூடிருச்சு, தாராளமா வண்டி ஓட்டலாம்" என்றார். லாரி முதலாளியும் தங்கமான மனுஷன். "மாசியில பூண்டு எடுக்க ஆரம்பிச்சிருவாங்க. அதுவரைக்கும் சாவியை ஒனக்குன்னு வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதுப்பா" என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணன் சாவியை வாங்கப் போகவில்லை. இன்றைக்கு என்பார், நாளைக்கு என்பார். பஸ் ஏறிப் பெருமாள்மலைக்குப் போய், லாரி நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். அவர் நடந்தால் எனக்கும் உட்கார முடியாது, நானும் நடப்பேன். "ரெண்டு பேரும் இப்படி நடந்தீங்கன்னா தரை தேஞ்சுரும், வெளிய போய் நடங்க" என்று மதினி கரண்டியைக் காட்டி விரட்டுவார்.

ஒருநாள் வெளியே வந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார்.

"ஏலே, கை வலிக்கல. ஆனா எதிர்ல வண்டி வந்தா இந்தக் கை திரும்புமான்னு தெரியலலே."

அவ்வளவுதான், என் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் என்னிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கடையில் ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்கிப் போகாத விளையாட்டு ஸ்டியரிங் ஒன்று, பெடலோடு, மூலையில் கிடந்தது. மலைப் பாதையில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றும் கையில் இருந்தது. அதில் வருவதும் நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிற நாடு. அண்ணனை அதில் ஓட்ட வைத்துப் பயத்தைப் போக்கிவிடலாம் என்பது என் கணக்கு. படம் மட்டும் அழுது வடிந்தது. அதற்காகப் பொங்கல் போனஸ் மொத்தத்தையும் போட்டு மதுரையிலிருந்து, படம் வரைவதற்கென்றே இருக்கிற கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி வந்தேன். அடேயப்பா, அதன் மேலே இருந்த விசிறியே என் உள்ளங்கை அகலம்.

கடையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற நண்பன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"கார்டு சரி, கணக்குப் போடுற பிராசஸர் அதே நாலு வருஷப் பழசுதானே? காரட்டுத் தோட்டத்துல பாத்திருக்கேல்ல, பிடுங்குறவன் ஒருத்தன், கழுவுறவன் ஒருத்தன். நீ கழுவுறதுக்குப் பெரிய பயில்வானைக் கூட்டிட்டு வந்திருக்க. பிடுங்குறவன் கிழவன். அவன் பிடுங்கிக் கொடுத்தாத்தான இவன் கழுவ முடியும்?"

"ஒனக்கு வயித்தெரிச்சல்டா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டியரிங்கை மேசையில் இறுக்கிப் பொருத்தினேன். அண்ணன் முதலில் மாட்டேன் என்றார். பிறகு பெடலைக் காலால் நிரடிப் பார்த்தார். ரோட்டில் வேறு வண்டி எதுவும் வராதபடி வைத்துவிட்டு லாரியைக் கிளப்பிக் கொடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, படம் கண்ணைப் பறித்தது. ஒவ்வொரு மரத்திலும் இலை தெரிந்தது. அண்ணன் முதல் இரண்டு வளைவில் தடுமாறினார். மூன்றாவது வளைவில் தோள் தானாகச் சாய்ந்தது. வளைவு வருமுன்னே ஹாரன் எங்கே என்று தேடினார். ஒரு பித்தானைக் காட்டினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு முனையிலும் ஹாரன்தான். காலி ரோட்டில் எதற்கு ஹாரன் என்று நான் கேலி செய்தேன். "முனையில அடிக்காம எப்படிலே போறது?" என்று சீரியஸாகக் கேட்டார். மதினி அடுப்பை விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஐப்பசிக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

அண்ணனே கேட்டார், "எதிர்ல வண்டி விடுலே."

விட்டேன். முதல் வளைவில் இரண்டு காரும் ஒரு பஸ்ஸும் வந்தன. படம் அப்படியே ஒரு நொடி உறைந்து, அடுத்த நொடி குதித்தது. குதித்தபோது பஸ் லாரியின் மூக்கில் இருந்தது. அண்ணன் திருப்பினார், திருப்பியது தாமதமாக லாரிக்குப் போய்ச் சேர்ந்தது. லாரி திரும்பவில்லையே என்று இன்னும் திருப்பினார். லாரி பள்ளத்தில் பாய்ந்தது. "இன்னொரு தடவை" என்றார். மறுபடியும் பள்ளம். மூன்றாவது தடவை பஸ்ஸிலேயே மோதினார். தனியாக ஓட்டினால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. எதிரே வண்டி வந்தால் மட்டும் கை பிந்துகிறது. எதைப் பற்றி அவர் பயந்துகொண்டிருந்தாரோ, அச்சு அசலாக அதுவே நடந்தது.

நெற்றி வியர்த்திருந்தது. என்னைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"ஏலே, உள்ளதைச் சொல்லு. இது மெஷின் கோளாறா, என் கையா?"

நண்பன் சொன்ன காரட்டுக் கதை எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் மதினி நிற்கிறார், புதுக் கார்டு மின்னுகிறது, அரைமணி நேரமாக அதைப் பற்றிப் பீற்றியிருக்கிறேன்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லண்ணே. புதுக் கார்டு, பட்டையக் கிளப்புது" என்றேன்.

"அப்பக் கைதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வெள்ளனே எழுந்து நான் தனியாகச் சோதித்தேன். படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தேன். கார்டு திணறியிருந்தால் இப்போது வேகம் கூட வேண்டும். கூடவில்லை. முழு அளவுக்கு ஏற்றிப் பார்த்தேன். வேகம் குறையவும் இல்லை. எதிர் வண்டிகளை எடுத்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. விட்டேன், உறைந்தது. படம் வரைவதுதான் கார்டின் வேலை. எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியும் எங்கே திரும்பும், எப்போது பிரேக் போடும் என்று கணக்குப் போடுவது பிராசஸர். அந்தக் கிழவனுக்கு அத்தனை வண்டிக்குக் கணக்குப் போட முடியவில்லை. அவன் போட்டு முடிக்கிற வரைக்கும் என் பயில்வான் கார்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் கையில் எந்தக் கோளாறும் இல்லை.

சாயங்காலம் வந்து சொல்லிவிடலாம் என்று கடைக்குப் போனேன். அங்கே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நண்பனிடம் சொல்ல வாயெடுத்து, வீறாப்பில் அவனிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மதினி அழுதுகொண்டிருந்தார். அண்ணன் காலை பஸ்ஸிலேயே பெருமாள்மலைக்குப் போய் முதலாளியிடம், "வேற ஆளைப் பாத்துக்கங்க, எனக்குக் கை சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். முதலாளி அன்றைக்கே வேறு ஒருவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டாராம்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மென்று விழுங்கிவிட்டேன். இனிமேல் சொன்னால் என்ன ஆகும், போன சாவி வருமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அடுத்த வாரம் முடியவே முடியாது என்று ஆகிவிட்டது.

அண்ணன் காரட் கழுவுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றுவிட்டு வருவார். பஸ்ஸில் முன் சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். கடைசி சீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் தம்ளர் கைதவறி விழுந்தால் போதும், "செத்த கை" என்று வலது கையை இடது கையால் ஓங்கி அடிப்பார். எல்லோருக்கும்தான் தம்ளர் விழும். நான் பார்க்காததுபோல் வெளியே போய் ரோட்டில் நடப்பேன். பள்ளங்கி ரோட்டில் எத்தனை வளைவு என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். கம்ப்யூட்டரை ஒரு சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

புரட்டாசியில் கடைக்கு ஒரு பழைய மெஷின் வந்தது. அதன் மதர்போர்டு கெட்டுப்போயிருந்தது. பிராசஸர் நன்றாக இருந்தது. என் போர்டில் உட்காரக்கூடியது, என்னுடையதைவிட இரண்டு மடங்கு வேகம். நண்பன் அதைக் கழற்றி என் கையில் வைத்தான்.

"கொண்டுபோய்ப் போடு. எனக்கென்ன வயித்தெரிச்சலா?" என்றான்.

மாட்டினேன். அதே கார்டு, அதே விளையாட்டு. எதிரே எட்டு வண்டி விட்டேன். ஒரு உறைதல் இல்லை, ஒரு குதிப்பு இல்லை. எவ்வளவு சந்தோஷப்பட வேண்டிய நேரம்! எனக்கு அழுகைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டேன். "போலே, எனக்கு வேற சோலி கெடக்கு" என்றார். மதினிதான் விடவில்லை.

"கூப்பிடுறாருல்ல, போய் ஒரு நிமிஷம் உக்காருங்க. உசுரா போயிரும்?"

உட்கார்ந்தார். காலி ரோடு என்று நினைத்துக் கிளப்பினார். நான் சொல்லவில்லை. முதல் முனையில் பஸ் வந்தது. அவர் உடம்பு விறைத்தது, ஆனால் கை திரும்பிவிட்டது. ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழி விட்டார். அடுத்தடுத்து இரண்டு கார், இன்னொரு லாரி. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு முனையிலும் ஹாரன் அடித்து, அடிவாரம் வரை இறங்கிவிட்டார். லாரியை ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைத் தேடினார். அப்புறம்தான் திரும்பினார்.

"என்னலே மாத்துன?"

"பிராசஸரண்ணே. பழசு ரொம்ப மெதுவு. எதிர் வண்டி வந்தா அதால முடியல. ஒங்க கை இல்லண்ணே, மெஷின்தான்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"அன்னைக்கு நான் கேட்டப்ப ஒனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"சந்தேகம் இருந்துச்சு. மறுநாள் காலையிலயே தெரிஞ்சுருச்சு" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தையல் தழும்பைப் பெருவிரலால் தடவினார்.

"எட்டு மாசமா இந்தக் கையை நான் திட்டாத திட்டு இல்லலே" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு பெருமாள்மலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். "நீ வராத" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

புது டிரைவர் நாலு தடவை பம்பரை இடித்திருந்தானாம். முதலாளி சாவியைக் கொடுக்க இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லையாம். இதெல்லாம் மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணன் என்னோடு பேசவில்லை. மறுநாள் வெள்ளனே கிளாவரையில் லோடு ஏற்றிக்கொண்டு இறங்குகிறார் என்றும் மதினிதான் சொன்னார்.

நான் விடியுமுன்னே கிளம்பிப் பெருமாள்மலைக்குப் போய்விட்டேன். டீக்கடை முன்னால் நின்றால் வளைவு நன்றாகத் தெரியும். அண்ணன் எப்போதும் அங்கே நிறுத்தி டீ குடித்துவிட்டுத்தான் இறங்குவார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "யாருக்குத் தம்பி காத்திருக்கீங்க?" என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். விளையாட்டில் திரும்பிய கை நிஜத்தில் திரும்புமா? அது வெறும் மேசையில் பொருத்திய பிளாஸ்டிக் ஸ்டியரிங்தானே? பஸ் வந்தால்? மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

தூரத்தில் ஹாரன் கேட்டது. எனக்குத் தெரிந்த ஹாரன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ரெண்டு டீ போடுங்கண்ணே, வெரசா" என்றேன். லாரி முனையில் மூக்கை நீட்டவும், கீழே இருந்து ஒரு பஸ் ஏறி வரவும் சரியாக இருந்தது. லாரி மலைப் பக்கம் ஒதுங்கி நின்றது. பஸ் உரசாமல் ஏறிப் போனது. போகும்போது பஸ் டிரைவருக்கு அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சைகை காட்டினார். அந்த வலது கைதான்.

லாரி மெதுவாக டீக்கடை வரைக்கும் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். இரண்டு கையிலும் தம்ளரோடு நான் நின்றதையும் பார்த்தார். வண்டியை நிறுத்தவில்லை. அடுத்த முனையில் ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு டீயையும் நானே குடித்தேன்.