தலைகீழ்த் தெரு

அந்த வருஷம் கோடை விடுமுறை தொடங்கிய சில நாட்களிலேயே அக்கா தெருவை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

அவளுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. வயதுக்கு வந்ததும் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதனால் விடுமுறை என்பது எனக்கு மட்டும்தான். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சித்திரை வெயிலில் உச்சி வேளைக்கு நாய்கூடத் தெருவில் அபூர்வமாகத்தான் நடக்கும். காத்து கருப்பு அண்டும் நேரம் என்று அம்மா எங்களை முன்னறையில் விட்டுக் கதவைச் சாத்தி, தாழும் போட்டுவிடுவாள். அப்பா கழனியிலிருந்து வந்து சாப்பிட்டுப் பின்கட்டில் படுத்திருப்பார்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தெருக்கதவின் பலகையில் ஆணி கழன்று விழுந்த ஓட்டை ஒன்று இருந்தது. ஒருநாள் இருட்டில் படுத்துக்கிடந்த அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். எதிர்ச் சுவரில், நிறம் மங்கிய சேலைத் துண்டு போல ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தால் மாட்டு வண்டி. சக்கரம் மேலே, வைக்கோல் பாரம் கீழே. அக்கா எழுந்து போய் ஓட்டையைக் கையால் பொத்தினாள். வண்டி காணாமல் போனது. கையை எடுத்தாள். வண்டி தெருக்கோடிக்குப் போயிருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அக்காவுக்குப் பயமே இல்லை. மறுநாளே மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ஒரு துண்டு தகரம் வெட்டி, கோணி ஊசியால் துளைபோட்டு, ஓட்டையின் மேல் மெழுகால் ஒட்டினாள். மூங்கில் சிம்பில் காற்றாடிக்குக் கட்டுவது போல ஒரு சட்டம் கட்டினாள். கடையில் சாமான் மடித்துக் கொடுத்த வெள்ளைத் தாளைப் புளியங்கொட்டைப் பசையால் அதில் ஒட்டி, காய்ந்தபின் நல்லெண்ணெய் தடவினாள். அதைக் கதவுக்கு எதிரே பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தால், தாள் முழுக்கத் தெரு. வானம் அடியில் கிடந்தது. மண்பாதை உச்சியில் ஓடியது. தண்ணீர்க் குடத்தோடு போகும் பெண்கள் பல்லி போல மேலே ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். குடத்திலிருந்து சிந்திய நீர் மேல்நோக்கிப் போனது. எதற்கும் சத்தம் இல்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை. முன்பு அங்கே இருந்த குடிசை எரிந்துபோய், கரி பிடித்த மண்சுவரும் ஒரு பூவரச மரமும் மிஞ்சியிருந்தன. அந்த மரத்துக்குப் பக்கத்தில், நிழலை விட்டு விலகி, வெயிலில் ஒரு ஆள் நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். தலை கீழே, கால் மேலே. எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நகரவில்லை. மரம் என்று நினைத்துவிடலாம், மேல்துண்டு மட்டும் காற்றில் ஆடாமல் இருந்திருந்தால்.

அக்கா தாழை எடுத்தாள். தாழ் கிரீச்சிட்டதும் அந்த ஆள் தாளின் வலது ஓரமாக நகர்ந்து மறைந்தார். நாங்கள் வெளியே ஓடி வலப்பக்கம் பார்த்தோம். கண் கூசியது. ஆளில்லாத தெரு, அவ்வளவுதான்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் தாழ்ச் சத்தம் கேட்டதும் வலப்பக்கம் போனார். ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் யாரும் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா வேப்பிலை அடித்துத் திருநீறு பூசினாள். என்ன பார்த்துப் பயந்தேன் என்று கேட்டபோது நான் சொல்லிவிட்டேன்.

அம்மா நம்பவில்லை. தாளில் பொம்மை காட்டித் தங்கையைப் பயமுறுத்துகிறாள் என்று அக்காவைத் திட்டியபடியே, கையில் முறத்தோடு எங்களோடு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் வந்து நின்றார். ஒரு காலால் மற்றக் கால் கெண்டையைத் தேய்த்தார். பிறகு வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

முறத்திலிருந்த உளுந்து தரையெல்லாம் கொட்டியது. அம்மா எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அது எந் தம்பி" என்றாள்.

எங்கள் மாமாவுக்குக் காரியம் செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவைப் பெற்றவள் மாமாவைப் பெற்றெடுத்த கையோடு போய்விட்டாள்; அம்மாதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். எங்கள் வீட்டிலேயே இருந்தவர், வடக்கே அணை கட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனார். ஒருநாள் அங்கே கூட வேலை செய்த மானாம்பதிக்காரர் ஒருவர் மாமாவின் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். வாந்திபேதியில் மாமா போய்விட்டதாகவும், அங்கேயே எரித்துவிட்டதாகவும் சொன்னார். உடம்பில்லாமல் கருமாதி நடந்தது. அப்பாதான் ஏரிக்கரையில் தலை மழித்துக்கொண்டார்.

இப்போது அம்மா சொன்னதைக் கேட்டு அப்பா எழுந்து உட்கார்ந்தார். குறை ஏதாவது இருக்கும், அதனால்தான் வாசலைப் பார்த்து நிற்கிறான், பூசாரியைக் கேட்போம் என்றார். இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிற வீடு என்றும் சொன்னார். பூசாரி வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். உச்சிக்கு முன்னால் எதிர்மனைக்குப் போய், பூவரச மரத்தடியில் வாழை இலை போட்டுச் சோறு பரிமாறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். அன்றைக்கு யாரும் தாளைப் பிடிக்கக் கூடாது என்று கட்டளை. சாத்திய கதவுக்குப் பின்னால் நாங்கள் மூவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். ஓட்டையில் அக்கா துணியை அடைத்திருந்தாள். அந்தத் துணியை வெளியிலிருந்து யாரோ தள்ளுவது போல எனக்குப் பட்டுக்கொண்டே இருந்தது.

வெயில் சாய்ந்தபின் அக்காதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இலை காலியாக இருந்தது.

நாயாக இருக்கும் என்று அப்பா சொன்னார்.

"நாய் துன்னா எலைய மடிச்சி வெக்குமா நைனா?" என்றாள் அக்கா.

நாங்கள் எல்லோரும் போனோம். இலை பாதியாக, ஒழுங்காக மடிந்து கிடந்தது. பறந்துவிடாமலிருக்க அதன் மேல் ஒரு ஓட்டுச் சில்லு வைக்கப்பட்டிருந்தது. அப்பா குனிந்து அதைப் பார்த்தார், தொடவில்லை. எனக்கு அந்த மடிப்பைப் பார்க்கத்தான் அதிகப் பயமாக இருந்தது. அக்கா எங்கள் கதவையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, அந்தத் தாளில் மேலும் கீழும் மட்டுமல்ல, இடமும் வலமும்கூட மாறித்தான் தெரியும் என்றாள். அவர் போனது எப்போதும் இடப்பக்கம். ஏரிக்குப் போகிற பக்கம். நாங்கள் ஒவ்வொரு முறையும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

மறுநாள் அம்மா இலையைப் போட்டுவிட்டு வரவில்லை. இலைக்குப் பக்கத்திலேயே, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கூப்பிட்டும் வரவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். கதவு திறந்திருந்தால் மாமா வரமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அக்கா துணியைப் பிடுங்கிவிட்டுச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தாள். அப்பாவும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். அதுவரை அவர் அதைப் பார்த்ததே இல்லை. அவர் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது.

தாளில் அம்மா தலைகீழாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடியில் வானம் வெள்ளையாகக் கிடந்தது. வலது ஓரத்திலிருந்து அந்த ஆள் வந்தார். அவளைக் கண்டதும் நின்றார். அம்மா அசையவில்லை. இலைப்பக்கம் கையைக் காட்டினாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். அம்மாவின் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு அவருடைய உடம்பு முழங்காலில் மடிந்தது. அவர் விழுந்தது எங்களுக்கு மேல்நோக்கி விழுந்ததாகத் தெரிந்தது. அம்மாவின் கை அவர் தலைமேல் போவதைப் பார்த்ததும் அக்கா சட்டத்தைக் கீழே போட்டுவிட்டாள். அப்பா தாழைத் திறந்தார்.

வெளியே எல்லாம் நேராக இருந்தது. எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். அழுதுகொண்டே தின்றார். அப்பா தெருவைத் தாண்டவில்லை, எங்களையும் தாண்டவிடவில்லை. மாமா சொன்னதை எல்லாம் இந்தப் பக்கம் நின்றே கேட்டோம்.

வேலை நடந்த இடத்தில் பேதி பரவியபோது, பயந்து, கட்டிய துணியோடு ஓடிவிட்டாராம். பெட்டியும் போர்வையும் கொட்டகையிலேயே கிடந்தன. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் குளிரில் அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு செத்திருக்க வேண்டும். முகம் பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. செங்கல் சூளை, கரும்புத் தோட்டம் என்று எங்கெங்கோ அலைந்து, நோயில் விழுந்து, ஊர் திரும்பினார். உத்திரமேரூர் பஸ் நிறுத்தத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அவரைப் பார்த்ததும் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினாராம். டீக்கடையில் விசாரித்தபோதுதான் தனக்குக் கருமாதி முடிந்தது அவருக்குத் தெரிந்தது.

அந்தப் போர்வைக்காரன் எந்த ஊர் என்று அம்மா கேட்டாள். மாமாவுக்குத் தெரியவில்லை. அவனைப் பெற்றவள் இன்னும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாளே என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வந்தவன் நேரே வீட்டுக்கு வருவதற்கு என்ன என்று கேட்டாள்.

"கருமாதி ஆனவன் வாசப்படி ஏறுனா அந்த வூட்டுப் புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு சொன்னாங்கோ க்கா. ஏரிக்கர மண்டபத்துல படுத்துக்கினு இருந்தேன். தெருவுல ஆள் இல்லாத நேரமா வந்து, சாத்தன கதவ பாத்துக்கினு நிப்பேன். அவ்ளோதான்."

சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அப்பாவும் அதையேதான் சொன்னார். தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் காரியம் முடிந்த ஆளை அப்படியே உள்ளே கூப்பிட முடியாது. ஊர் பேசும், நாளைக்குப் பெண்களுக்கு வரன் வராது. அம்மா எச்சில் இலையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நான் திரும்பப் பெத்துக்கறேன்" என்றாள்.

பெரியவர்களைக் கேட்டு அப்பா அதற்கும் ஒரு வழி தெரிந்துகொண்டு வந்தார். ஆற்றில் முழுக்காட்டிப் பிள்ளைக்கு வைப்பது போலப் புதுப் பெயர் வைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து விடியலில் வண்டி கட்டினோம். விடுமுறைக்கு எங்காவது அழைத்துப் போகச் சொல்லி நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன், போனது இப்படித்தான். புளிச்சோறும், வறுத்த அப்பளமும், மாகறல் கோயிலுக்குத் தேங்காயும் வண்டியில் இருந்தன. மாமாவை வண்டியில் ஏற்றவில்லை. பின்னாலேயே நடந்து வந்தார். புழுதியில் அவர் தெரிவதும் மறைவதுமாக இருந்தார். தெரியாதபோதெல்லாம் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

மாகறலில் செய்யாறு வெறும் மணலாகக் கிடந்தது. முழுகத் தண்ணீர் இல்லை. அக்காவும் நானும் மணலைத் தோண்டி ஊற்றுப் பறித்தோம். வேறு சமயமாக இருந்தால் அதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. அன்று நிமிராமல் தோண்டினோம். கலங்கல் வடிந்து தெளிந்ததும் அம்மா சொம்பால் மொண்டாள். மாமா குழிக்குப் பக்கத்தில் கால்களை மடக்கி, குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் தலையில் ஊற்றினாள். முதுகைத் தேய்த்தாள். ஈரத்துணியோடு அவரை மடியில் சாய்த்துக்கொண்டு, காதில் ஒரு பெயரைச் சொன்னாள். வளர்ந்த ஆம்பிளை அப்படிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, தன் மேல்துண்டை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டார்.

திரும்பும்போது அவரும் வண்டியில் ஏறினார். பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பாதி வழியில், தண்ணீர் வேண்டுமா என்று கேட்க அம்மா அந்தப் புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அவர் தலையைத் தூக்கி, கூப்பிடப்பட்டவர் யாரோ பின்னால் வருவது போலக் காலியான சாலையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

அதன்பிறகு வெகுகாலம் எங்களோடுதான் இருந்தார். அப்பாவோடு சேர்ந்து ஏர் ஓட்டினார், அக்காவின் கல்யாணத்தில் பந்தல் போட்டார். தெருவில் சில பெண்கள் மட்டும் கடைசிவரை தங்கள் கைக்குழந்தையை அவர் கையில் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை. என் மூத்தவன் பிறந்தபோது, துணியில் சுற்றி நான்தான் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டார்.