ஜெர்மன் மகாராஜனும் அட்டைக்கடியும்

"ஏலே, இந்த ஜெர்மன் ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

ஏரல் கால்பந்து மைதானத்தில் மகாராஜனைக் காட்டி ஒரு அண்ணாச்சி இப்படிக் கேட்டபோது பக்கத்தில் நின்ற யாருக்கும் பதில் தெரியவில்லை, இதை எழுதுகிறவனுக்கும்தான். இப்போது தெரியும். சொல்லிக் கொடுத்தது அட்டை.

மகாராஜன் பிறந்தது மணிமுத்தாறுக்கு மேலே, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில். அங்கே விளையாடும் இடத்தின் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சரிவு. பந்தை வெளியே அடித்தவர்தான் சரிவில் இறங்கி எடுத்து வர வேண்டும். ஏறி வருவதற்குள் காலில் பத்து அட்டையாவது ரத்தம் குடித்துக் கொழுத்திருக்கும். தடுப்பாட்டக்காரரான மகாராஜன் இரண்டு முறை போய்வந்தார். மூன்றாவது முறை போக மனமில்லை. எதிராளி மேலே வந்து விழுந்தாலும் பந்தை வெளியே அடிக்காமல், பைய நகர்த்தித் தன் ஆளிடமே கொடுக்கப் பழகினார்.

வேலை தேடிக் கீழே வந்து டவுண் அணியில் ஆடினார். மைக் பிடித்தவர் அசந்துபோய், "ஜெர்மன்காரன்லா ஆடுதான்" என்றார். பெயர் அட்டையாக ஒட்டிக்கொண்டது. ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்று மகாராஜனுக்குத் தெரியாது. ஆனாலும் மறுக்கவில்லை.

முப்பத்தாறு வயதில் முழங்கால் போனது. மணிமுத்தாறில் பெண்கள் அணிக்குக் கோச் ஆனார். அவர் விதி ஒன்றுதான்: வெளியே அடித்தவள் கால்வாயில் இறங்கிப் பந்தை எடுக்க வேண்டும். வெளியே அடிக்கத் தயங்கிப் பந்தைப் பறிகொடுத்து இரண்டு வருடம் தோற்றார்கள். கால்வாயில் இறங்காததால் பிள்ளைகளின் கால்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. அணிக் கமிட்டிச் செயலாளர் சிவசங்கரன் பொறுமை இழந்து, "ஏரல்ல கோப்பை வாங்கலைன்னா வேற ஆளு பாத்துக்கிடுவோம் வே" என்று சொல்லிவிட்டார்.

ஏரலில் மைதானத்தை ஒட்டியே ஆறு. இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் முன்னிலை. கடைசி நிமிடம், நம் கோல் வாசலில் தடுப்பாட்டக்காரி இசக்கிச்செல்வி காலில் பந்து. மூன்று பேர் பாய்ந்து வருகிறார்கள். வேலை போயே போய்விட்டது என்று மகாராஜனுக்குத் தோன்றியது. வாழ்நாளில் சொல்லாததைச் சொன்னார்.

"ஏட்டி, வெளிய அடிச்சுத் தொலை."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆத்துல எறங்கி நீங்களா எடுப்பிய?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தியை ஏமாற்றி, பந்தைப் பைய தோழியிடம் தள்ளினாள். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

கோப்பை வந்தது, வேலையும் தங்கியது. இப்போது யார் கேட்டாலும், தான் "வெளிய அடிச்சிராத" என்றுதான் கத்தியதாகக் கோச் சொல்கிறார். கோட்டோரம் நின்றவர்கள் காதில் விழுந்தது வேறு. படித்தவர்கள் தயவுசெய்து நடந்ததை நடந்தபடியே நாலு பேரிடம் சொல்லுங்கள். இசக்கிச்செல்வி பெயரை விட்டுவிடாதீர்கள்.