சூசை அண்ணன் சுரண்டிய பன்னிரண்டு பலகைகள்

ஜூலை முதல் வாரம், நல்ல மழையில், கடியப்பட்டணம் போய் வந்தேன். கலங்கரை விளக்கம் பார்க்க அல்ல. நான் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் பெயிண்ட் செய்கிறவள். படகின் அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட். வழக்கமானவற்றில் சிப்பியைக் கொல்லும் விஷம் இருக்கும், எங்களுடையதில் கிடையாது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே வரும் நுண்துகள்களால் ஆன பூச்சு, சிப்பி பிடித்துத் தொங்கவே இடம் கொடுக்காது. கொடுக்கக் கூடாது என்பது எங்கள் நம்பிக்கை. மூன்று வருட வேலை.

அதைச் சோதிக்க, மார்ச்சில் பன்னிரண்டு ஃபைபர் பலகைகளைக் கடலில் தொங்கவிட்டிருந்தேன். ஆறில் பூச்சு, ஆறு வெறும் பலகை. பூச்சு கண்ணுக்குத் தெரியாது; எதில் இருக்கிறது என்பது பின்பக்க எண்ணை வைத்து எனக்கு மட்டும்தான் தெரியும். இது தேறினால் அடுத்தது நிஜப் படகு. தேறாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

ரயில் காலை ஆறே முக்காலுக்கு நாகர்கோவில் சேர்ந்தது. அங்கிருந்து இருபது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு ஐந்நூறு ரூபாய். பேருந்தும் உண்டு, ஆனால் மழையில் நனைந்த பலகை மூட்டையோடு ஏறினால் நடத்துனர் முறைப்பார்.

பலகைகளைப் பார்த்துக்கொள்வது சூசை அண்ணன். கடியப்பட்டணத்து மீனவர், அவருடைய போட் பக்கத்துத் துறைமுகத்தில் தண்ணீரிலேயே நிற்கும். அதன் ஓரத்தில்தான் கயிறு கட்டியிருந்தோம். கயிற்றை இழுத்தேன். பன்னிரண்டும் கழுவிவைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி பளபளவென்று வந்தன. வெறும் பலகை ஆறிலாவது சிப்பி அப்பியிருக்க வேண்டும்.

"அண்ணா, இதுல இருந்த சிப்பியெல்லாம் எங்க?"

"திருவிழா வந்துதுல்லா மக்கா. எல்லாவனும் போட்டைச் சொரண்டி பெயிண்ட் அடிச்சான். நம்ம போட் பக்கத்துல இது மட்டும் அழுக்காக் கெடந்தா கொள்ளாமா? இதையும் சொரண்டிட்டேன்."

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எடை போட வேண்டிய சிப்பி அத்தனையும் கடலில். அவர் என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

"முழுசும் சொரண்டல்ல மோளே. கொஞ்சம் பலகையில துணி போட்டுத் தொடச்சதும் சிப்பி பொத்துன்னு உழுந்துட்டு. மத்ததுல கத்தி மொனை மழுங்கிப் போச்சு."

அப்போதுதான் பலகைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சிலவற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கத்திக் கீறல். சிலவற்றில் ஒன்றுமே இல்லை. கீறல் இல்லாதவற்றை ஒரு பக்கம் அடுக்கினேன்: ஐந்து. திருப்பி எண் பார்த்தேன். ஐந்தும் எங்கள் பூச்சு! பூச்சுள்ள ஆறாவதில் ஒரு மூலையில் மட்டும் கீறல். அங்கே பூச்சு பெயர்ந்திருக்க வேண்டும். அது எங்கள் தப்பு, சரிசெய்யக் கூடியது.

இதை ஆய்வுக் கட்டுரையில் போட முடியாதுதான். புதிதாகப் பன்னிரண்டு பலகை கட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு இப்போது பயமில்லை.

போகிறவர்களுக்கு: மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும், பேச ஆட்களுக்கு நேரம் இருக்கும், மீன் விலைதான் கூடுதல். பாறைகள் வழுக்கும், நல்ல செருப்பு வேண்டும். எதையாவது கடலில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால், ஊர்த் திருவிழா எப்போது என்று முதலில் கேளுங்கள்.

கிளம்பும்போது அடுத்த சோதனைக்குப் போட் வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சூசை அண்ணன் தன் போட்டைக் காட்டினார்.

"பாதிக்குப் பூசுங்க. எந்தப் பாதின்னு எனக்கிட்டச் சொல்லண்டாம். அடுத்த திருவிழாவுக்குச் சொரண்டும்போ நான் சொல்லுதேன்."