காலடியில் விழுந்த வெளிச்சக் கோடுகள்

"புதுக் கேமரா என்ன ஆச்சு? ஒரு படத்தையும் கண்ணில் காட்டவில்லையே?" என்று இந்த வாரம் மட்டும் எத்தனை கடிதங்கள்! படம் வந்துவிட்டது. நன்றாகவே வந்திருக்கிறது. உங்களுக்குக் காட்டத்தான் முகம் இல்லை.

சொல்லிவிடுகிறேன்.

நல்ல இருட்டில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்தே வைத்துவிட்டு, அதன் முன்னால் டார்ச்சைச் சுழற்ற வேண்டும். வெளிச்சம் போன வழியெல்லாம் கோடாகப் படத்தில் விழும். அசைந்துகொண்டே இருக்கிற ஆள் விழமாட்டான். ஒளியால் ஓவியம்! ஒரு பத்திரிகையில் இதைப் படித்ததிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் கோவில்பட்டி டவுனுக்குள் அப்படிப்பட்ட இருட்டுக்கு எங்கே போவது? கரண்ட் போன நேரத்தில் மொட்டை மாடியில் முயன்று பார்த்தேன். பக்கத்துக் கடை ஜெனரேட்டர் காரியத்தைக் கெடுத்தது.

நண்பன் செல்வராஜுக்கு எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் நிலம் இருக்கிறது. "எங்க காட்டுக்கு வாரும்வே. உம்ம கை உமக்கே தெரியாது. அம்புட்டு இருட்டு" என்றான்.

போன அமாவாசை அன்று பொழுது அடைந்ததும் பைக்கில் போனோம். அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த கரிசல். ஷட்டரைத் திறந்தேன். டார்ச்சைத் தலைக்கு மேல் தூக்கிப் பெரிய பெரிய வட்டமாகச் சுழற்றினேன். இந்த வயதில் அப்படி ஓர் ஆனந்தம்!

"உம்ம வீட்ல பாத்தா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருவாவ" என்று செல்வராஜ் சிரித்தான்.

அப்போதுதான் யாரோ ஓடி வரும் சத்தம். இருட்டுக்குள்ளிருந்து மூன்று பேர். கையில் கம்பு, டார்ச். முன்னால் வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"என்ன அண்ணாச்சி, பாம்பு கீம்பு கடிச்சிட்டா? லைட்டு வட்டமா சுத்துச்சே... எங்க ஆளுகள்ல அப்படிச் சுத்துனா ஆபத்துன்னு அர்த்தம். அதான் கிடையைப் போட்டது போட்டபடி ஓடியாறோம்."

கிடைக்காரர்கள். நிலத்துக்கு எரு சேர ராத்திரியில் ஆடுகளை அடைத்துக் காவல் கிடப்பவர்கள். முன்னால் வந்தவர் பெயர் பேச்சிமுத்து. அவர்களுக்குள் இப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. செல்வராஜுக்கும் தெரியாது. அவன் பகலில் மட்டும் விவசாயி.

சும்மா போட்டோ எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதுதானே? என்ன கேடு? ஆனால் மூச்சிரைக்க நிற்கிறவர்களிடம், விளையாடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவரே எடுத்துக் கொடுத்த பாம்பு கைவசம் இருந்தது.

"ஆமா... காலுக்குள்ள ஓடிச்சு. கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றேன்.

செல்வராஜ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

மற்ற இருவரும் டார்ச்சோடு வெடிப்பு வெடிப்பாகப் பாம்பைத் தேடினார்கள். பேச்சிமுத்து மண்டியிட்டு உட்கார்ந்தார். டார்ச் அடித்து என் பாதம், விரல் இடுக்கு, கணுக்கால் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். "எரியுதா அண்ணாச்சி? கண்ணு இருட்டுதா?" ஒவ்வொரு கேள்விக்கும் உடம்பு கூசியது. ஆனாலும் நடிப்பை விடவில்லையே நான்! "பல்லு படல. சாமி காப்பாத்திட்டு" என்று பைக் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை செல்வராஜ் போன் செய்தான். "ஏவே, அவிய நம்மகிட்ட நின்ன நேரத்துல ஊர் நாய்க கிடைக்குள்ள பூந்துட்டாம். குட்டிகளக் கடிச்சுப் போட்டுட்டு."

போனது போயாச்சு, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனசு எனக்காக வக்கீல் வேலை பார்த்தது. பார்க்காதா பின்னே?

ஸ்டுடியோவில் படம் கழுவிக் கொடுத்தார்கள். மேலே நான் போட்ட வட்டங்கள். ஆனால் பதற்றத்தில், கிளம்பும்வரை ஷட்டரை மூட மறந்திருக்கிறேன். கீழே, தரையை ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாக வேறு கோடுகள். நடுவில் என் இரண்டு கால்கள் மட்டும் பளிச்சென்று. தடவிய கைகள் விழவில்லை. "வட்டத்தைவிட இந்தக் கோடுதான் சார் டாப். எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர்.

அன்றைக்கே பேச்சிமுத்துவைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வைவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கிடையில நாய் குலைக்குதுன்னு கூட வந்த என் மச்சான் அங்கன வச்சே காதுல சொன்னான் அண்ணாச்சி. ஆட்டுக்குட்டி கெடக்கட்டும்லே, மனுச உசிரு முக்கியம்னு நாந்தான் அவனை வைதேன்."

அவ்வளவுதான். படத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஆடுகளிடம் போய்விட்டார்.

கேமராவோடு கரிசல் பக்கம் கிளம்புகிற நண்பர்களே, பக்கத்தில் கிடை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அதையும் மீறி யாராவது ஓடி வந்துவிட்டால், அந்த நிமிடமே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

அவர்கள் திரும்பி ஓட வேண்டியிருக்கும்.