சமமாக்கிய குரல்

போன வாரம் செருப்பு வார் அறுந்துபோய், ஆம்பூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். செருப்பு தைப்பவர் டப்பாவைத் திறந்து ஒட்டுகிற சொல்யூஷன் தடவினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எபிதான் ஞாபகத்துக்கு வந்தான். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைத் தாண்டும்போது தோலும் பசையும் கலந்த வாடை தாங்காமல் பஸ் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். நாங்களோ வெளியூர் போனால் ஏதோ குறைகிறதே என்று மூக்கால் தேடுவோம். ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வரும்போதும் எபியின் விரல்களில் அந்த வாசனை இருக்கும்.

எபி ஷூ கம்பெனியில் ஒட்டும் பிரிவுக்கு சூப்பர்வைசர். நான் அதே கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தட்டும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மாதனூரில் இருவரும் ஒரே இடத்தில் கம்பெனி பஸ் ஏறுவோம். இரண்டாயிரம் பிறந்து மூன்று, நான்கு வருஷம் ஆகியிருக்கும். கம்பெனியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மாவு மில் மாதிரி சத்தம் போடும். ஆனாலும் தெருவிலேயே கம்ப்யூட்டர் இருந்த வீடு எங்களுடையதுதான், அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கோயில் பாடகர் குழுவின் பாட்டு, குழந்தைகள் சொல்லும் மனப்பாட வசனம் என்று எதையாவது மைக்கில் பதிந்து சிடி போட்டுக் கொடுப்பேன்.

அதில் எனக்குப் பெருமை தந்த வேலை ஒன்று உண்டு. பேசுவதெல்லாம் திரையில் பச்சைக் கோடாக ஓடும். மெதுவாகப் பேசினால் சிற்றலை. யாராவது சத்தமாகச் சிரித்துவிட்டால் கோடு விருட்டென்று எழும்பி மேல் விளிம்பில் முட்டும், கேட்கும்போது காதில் அறையும். நான் அந்த மேடுகளைப் பிடித்துச் சத்தத்தைக் குறைப்பேன், பள்ளங்களில் ஏற்றுவேன். முடித்துக் கேட்டால் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல எல்லாம் ஒரே மட்டமாக இருக்கும். என் பேச்சையும் என் மனைவியின் பேச்சையும்கூட அப்படிச் சமமாக்கிக் காட்டினேன். "நேர்ல இப்டி முடியாதா?" என்று கேட்டாள்.

எபியின் மனைவி சலோமி, ஆரம்பப் பள்ளி டீச்சர். நாற்பது பிள்ளைகள் இரையும் வகுப்பை ஒரே ஒரு 'ஏய்' போட்டு அடக்கிவிடுவார். காலையில் நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, தன் மகளை அவர் கூப்பிடுவது இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். மகளுக்கு மூன்று வயது. 'பிளெஸ்ஸீ' என்று கடைசி எழுத்தை உச்சிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தி வைப்பார். எபி தலையைக் குனிந்துகொண்டு, "ஊரையே எழுப்பிட்டா" என்பான். அவன் முகத்தில் சந்தோஷம்தான் இருக்கும்.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. சாக்பீஸ் தூள் என்றார்கள், சளி என்றார்கள். சுக்கும் மிளகும் சில மாதம் ஓடின. கடைசியில் வேலூர் போய்க் காட்டியபோது குரல்வளையில் கட்டி என்று தெரிந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், எடுத்த பிறகு பேச்சு வராது என்று சொல்லி, இரண்டு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் எபி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"தோஸ்த், அவ பேச்ச புடிச்சி வைக்கணும்டா. பாப்பாவுக்கு" என்றான்.

அடுத்தடுத்த இரண்டு ஞாயிறும் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காற்றாடிச் சத்தம் பதியும் என்று அதை நிறுத்திவிட்டோம். மே மாத வெயிலில் மூன்று பேரும் நனைந்துபோனோம். எபி ஒரு கைவிசிறியை எடுத்து, சத்தம் வராமல் மனைவிக்கு மட்டும் வீசிக்கொண்டிருந்தான். சலோமி டீச்சர் ஒரு நோட்டில் எழுதி வந்திருந்தார். பள்ளிக்கு எழுப்புவது, இரண்டாம் வாய்ப்பாடு, சட்டையில் குழம்பு ஊற்றிக்கொண்டதற்குத் திட்டு, வயதுக்கு வரும்போது சொல்ல வேண்டியவை, கல்யாணத்தன்று செய்யும் ஜெபம். பாதி காற்றாகத்தான் வந்தது. திட்டுகிற இடங்களில் மட்டும் எங்கிருந்தோ பழைய குரல் உடைத்துக்கொண்டு வெளியே வரும். பச்சைக் கோடு மேலே போய் முட்டும். அடுத்த நிமிஷம் இருமுவார்.

இரண்டாவது ஞாயிறு, பக்கத்து வீட்டில் விட்டிருந்த பிளெஸ்ஸி எங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். ஜெபத்தின் நடுவில் இருந்த டீச்சர் பார்த்துவிட்டார்.

"பிளெஸ்ஸீ, வெயில்ல இன்னா பண்றே? உள்ள வாடி."

சுவர் அதிர்ந்த மாதிரி இருந்தது. கெட்டுப்போன தொண்டையிலிருந்து அது எப்படி வந்ததென்று தெரியவில்லை. சிரித்தோம். எபி சிரித்துக்கொண்டே எழுந்து கொல்லைப்புறம் போனான், வெகு நேரம் திரும்பவில்லை.

"அந்த எடத்த சரிபண்ணிடறேன் டீச்சர். திடீர்னு தூக்குது, கொழந்த பயந்துடும்" என்றேன்.

"வேணாண்ணா. அப்டியே இருக்கட்டும். நான் அப்டித்தான பேசுவேன்" என்றார்.

கேட்டேனா? அவருக்கு இந்த வேலை தெரியாது, முடித்துக் கொடுத்தால் ஆச்சரியப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு மேடாக அமுக்கினேன். இருமலை வெட்டினேன். காற்றாக இருந்ததை ஏற்றினேன். பிளெஸ்ஸியைக் கூப்பிட்ட இடம் மட்டும் என்ன குறைத்தாலும் கரகரவென்று உறுத்தியதால் அதை அப்படியே எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இடம் கம்மி. திருத்தியதைப் பழையதின் மேலேயே பதிந்து வைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து சிடியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். டீச்சர் கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருந்தார். சிடி ஓடியது. தெளிவாக, ஒரே சீராக, யாரோ ஒரு சாந்தமான பெண்மணி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். பிளெஸ்ஸி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். டீச்சர் கடைசி வரை கேட்டார். பிறகு மகளின் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்.

'நல்லா இருக்கு அண்ணா. நான் கத்தினது எங்க?'

"அது வீட்ல தனியா இருக்கு டீச்சர். எடுத்துனு வர்றேன்" என்று சொன்னேன்.

அது பொய் என்று சொல்லும்போதே தெரியும். இருந்தும் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினேன். தெரிந்தவர்களையெல்லாம் கேட்டேன். மேலே பதிந்தது பதிந்ததுதான் என்றார்கள். மறு வாரம் பஸ்ஸில் எபியிடம் சொன்னேன். அவன் பாலாற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"வுடு. அவகிட்ட சொல்லாத" என்றான்.

சொல்லவில்லை. டீச்சரும் மறுபடி கேட்கவில்லை. கோயிலில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். நோய் நுரையீரலுக்குப் போனது. பிளெஸ்ஸி முதல் வகுப்பு சேர்ந்த வருஷம் அவரை அடக்கம் செய்தோம்.

எபி மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போனான். நாங்கள் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. எபியும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்த பிளெஸ்ஸி என்னைப் பார்க்க வந்தாள். நர்ஸாக இருக்கிறாள். காபியை ஆற்றிக்கொண்டே, "அங்கிள், அம்மா ரொம்ப சாஃப்டா பேசுவாங்கல்ல? வார்டுல எனக்குக் கோவம் வர்றப்பல்லாம் அந்த சிடியதான் நெனச்சுப்பேன்" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. அமைதியாதான் பேசுவாங்க" என்றேன்.

பிளெஸ்ஸி போன பிறகு, அந்த இன்னொரு குரலை மனசுக்குள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். சத்தமாக இருக்கும் என்பது ஞாபகம் இருக்கிறது. குரல் வரவில்லை.